ஊராத்துறையும் விசாவும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு பழந்தமிழ்க் கல்வெட்டு உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார் பல்லாயிரவர். அக்கல்லின் முன் நின்று அதன் பொருளை வினவுவோர் மிகச் சிலர். சில காலத்துக்கு முன் எமது வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்று, கல்வெட்டு என்ன கூறுகிறது என்பதை எடுத்துரைத்தோம். கேட்டுக்கொண்டு நின்ற ஒரு மாணவன், "சேர், அப்ப அந்தக் காலத்திலை விசா இல்லையோ?" என்றான். அவனுடைய தமையன் வெளிநாடொன்றுக்குச் செல்ல விசாக் கேட்டு, இரண்டாம் முறையும் மறுக்கப்பட்டிருந்தான் என்பதை நாம் அறிவோம். பாடப்புத்தகத்தில் விடை இல்லாத அந்த வினாவுக்கு விடை தேட முயன்றதன் பயனே இக்கட்டுரை.

அக்கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. கி.பி. 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆட்சி செலுத்திய சிங்கள வேந்தன் அவன். வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் இக்கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் பரதேசிகள் நம் துறையில் வந்து கூட வேண்டும் என்பது ஆணையின் முற்பகுதி. பிற்பகுதி உடைந்த கப்பல்களைப் பற்றியது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வாணிபப் பொருள் ஏற்றிய கப்பலாயின் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை.

இதில் இரண்டு செய்திகள் கருத்தில் நிறுத்தத் தக்கவை. ஆணை பிறப்பித்தவன் சிங்கள மன்னன்; ஆணை பொறிக்கப்பட்ட மொழியோ தமிழ். துறையில் வந்து இறங்குவோரும் துறையில் இருப்போரும் எந்த மொழியை அறிவரோ, அந்த மொழியில் அரசன் பேசினான். இது ஒன்று. 'பரதேசி' என்ற சொல் மற்றொன்று. இன்று அச்சொல் நம் வாயில் வசையாகிவிட்டது. அன்று அது பிறதேசத்திலிருந்து வந்தவன் என்ற பொருளில், காக்கப்பட வேண்டியவனைக் குறித்து நின்றது. ஒரு சொல் தாழும்போது அச்சொல்லாற் குறிக்கப்பட்ட மனிதனும் உடன் தாழ்கிறான். இதனைப் பின்னரும் காண்போம்.

இவ்வாணையைக் கொண்டு பராக்கிரமபாகுவை விருந்தோம்பலின் வடிவமாகப் போற்றிவிடுதல் வரலாறாகாது. பாண்டி நாட்டுக்கும் பர்மாவுக்கும் படை அனுப்பிய வேந்தன் அவன். அவனுக்குக் குதிரை வேண்டும், யானை வேண்டும். ஆகவேதான் அவற்றைக் கொண்டு வருவோனுக்குச் சலுகை மிகுதி. கடலிற் கப்பலை இழந்து கரையேறியவனிடமும் அவன் பங்கு கேட்கத் தவறவில்லை. வாயில் யாருக்காகத் திறக்கிறது என்பதை ஆள்வோரின் தேவையே தீர்மானிக்கிறது. எனினும், வந்தவனைக் காத்தல் அரசின் கடமை என்று அந்த ஆணை ஒப்புக்கொண்டது. அந்த அளவில் அது பிற்காலத்துச் சட்டங்கள் பலவற்றினும் மேலானது.

பிரித்தானியர் ஆட்சியிலும் தேவையே வாயிலைத் திறந்தது. மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலி உழைப்பு வேண்டியிருந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைகளை இராமேசுவரத்துக்கு அண்மையில் உள்ள மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் உண்டா எனச் சோதித்து, கப்பலேற்றினர். அவர்களுக்கு விசா கேட்கப்படவில்லை; உடல் வலிமைதான் கேட்கப்பட்டது. அதே காலத்தில் நமது தீவுகளிலிருந்து தோணிகளும் பாய்க்கப்பல்களும் தொண்டிக்கும் நாகபட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் சென்று வந்தன. வணிகர் சரக்கோடு சென்றனர். பக்தர் சிதம்பரத்துக்குச் சென்றனர். மாணவர் சென்னைக்குச் சென்றனர். கடலுக்கு அப்பால் உள்ளது வேறு நாடு என்ற எண்ணம் அவர்கள் நெஞ்சில் இருந்ததில்லை.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டிலேயே இரு சட்டங்கள் பிறந்தன. 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்த மண்ணிற் பிறந்து இந்த மண்ணிலேயே உழைத்த மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து கடவுச்சீட்டும் விசாவும் இன்றிக் கடல் கடப்பது குற்றம். நேற்று வரை மாமன் வீட்டுக்குச் சென்றவன் இன்று சட்டத்தை மீறியவன் ஆனான். கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை. அவன் ஏறிய தோணியின் பெயர் மாறியது. 'கள்ளத்தோணி' என்ற சொல் பெருவழக்குப் பெற்றது இக்காலத்திலேதான். 1952இல் வடகரையைக் காவல் செய்யக் கடற்படைக்குத் துணையாக இராணுவம் வந்தது. 1963இல் சட்டவிரோதக் குடிவரவைத் தடுப்பதற்கென்றே தனிப் படைப்பிரிவு ஒன்று அமைந்தது.

'பரதேசி' தாழ்ந்தது போன்றே இங்கும் ஒரு சொல் மனிதனைத் தாழ்த்தியது. தோணியைக் கண்ணாலும் காணாத தோட்டத் தொழிலாளியும் கள்ளத்தோணி எனப்பட்டான். அச்சொல்லைச் சொன்னவர்கள் தெற்கில் உள்ளோர் மட்டுமல்லர். யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலை செய்த மலையகச் சிறுவரை நம்மவரும் அவ்வாறு அழைத்ததுண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1948இல் தமிழ்க் காங்கிரசுத் தலைவர் அமைச்சரவையிற் சேர்ந்தார். அந்தக் கருத்து மோதலின் விளைவாகக் கட்சி பிளவுண்டு, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. அண்டை வீட்டுக் கதவு மூடப்படும்போது தன் வீட்டுக் கதவு பாதுகாப்பாக இருக்கும் என எண்ணுவது பேதைமை என்பதைப் பிற்காலம் நமக்கு மிகக் கடுமையாகக் கற்பித்தது.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 மனிதரை இரு அரசுகளும் எண்ணிப் பங்கிட்டன: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள். 1974 சனவரியில் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. உடைந்த கப்பலின் சரக்கைப் பாதி பாதியாகப் பிரித்த பழைய ஆணை வாசகரின் நினைவுக்கு வரலாம். அங்கே பிரிக்கப்பட்டது சரக்கு. இங்கே பிரிக்கப்பட்டவர் மனிதர்.

அதே 1974ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இரு நாடுகளும் கடல் எல்லையை வகுத்து மற்றோர் ஒப்பந்தம் செய்தன. நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்த கச்சதீவு எல்லையின் இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. இவ்வொப்பந்தத்தின் ஐந்தாம் உறுப்புரை நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்து போகலாம். அதற்காக அவர்கள் இலங்கையிடம் பயணப் பத்திரமோ விசாவோ பெற வேண்டியதில்லை என்று அது கூறுகிறது. குடிநீரற்ற அந்தச் சிறு தீவில் இருப்பது அந்தோனியார் கோயில் ஒன்றே. ஆண்டுதோறும் மாசி, பங்குனிக் காலத்தில் நடைபெறும் அதன் திருவிழாவில் இராமேசுவரத்தாரும் நெடுந்தீவாரும் கூடிச் செபம் செய்வர், உறவு கொண்டாடுவர், சிறு பண்டங்களை மாற்றிக்கொள்வர். இரு அரசுகளும் அம்மக்களின் வழக்கத்தை ஒழிக்கத் துணியவில்லை. சட்டத்தின் ஒரு மூலையில் அதற்கு இடம் விட்டன. கல்வெட்டின் பழைய குரல் அந்த ஓர் உறுப்புரையில் இன்னும் கேட்கிறது என்று சொல்லலாம். ஆயினும் 1976 மார்ச்சில் இரு அரசுகளும் கடிதங்களைப் பரிமாறி, ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என முடிவு செய்தன. வணங்க வரலாம், வலை வீசலாகாது என்றாயிற்று.

பின்னர் போர் வந்தது. 1983 யூலைக்குப் பின் தோணிகள் எதிர்த் திசையில் விரைந்தன. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990இல் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியது. மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். விடுதலைப் புலிகளின் பகுதியிலிருந்து வெளியேற அவர்களின் 'பாஸ்' வேண்டும். வவுனியாவில் தங்க அரசின் 'பாஸ்' வேண்டும். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லவும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். பிறந்த நாட்டுக்குள்ளேயே நாம் விசாக் கேட்டு வரிசையில் நின்றோம். கையிற் கடவுச்சீட்டு இன்றி, நடுக்கடலில் உயிரைப் பணயம் வைத்து இராமேசுவரக் கரையில் இறங்கியவர்கள் கொண்டு செல்லப்பட்டது எங்கே? அதே மண்டபம் முகாமுக்கே. ஒரு காலத்தில் தோட்டக் கூலிகளைச் சோதித்து இங்கு அனுப்பிய முகாம் அது; ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகத்தாரை ஏற்ற முகாமும் அதுவே. பிறரைக் கள்ளத்தோணி என்றவர்கள் தாமே தோணியேறி அந்த வாயிலில் நின்றார்கள்.

இன்றைய நிலை யாது? நயினாதீவார் ஒருவர் வேதாரணியத்து உறவினரைக் காண விரும்பினால் இந்திய விசாப் பெற்று, பலாலியில் விமானமோ காங்கேசன்துறையில் கப்பலோ ஏற வேண்டும். நாகபட்டினத்துக்கான கப்பற் சேவை 2023 ஒக்டோபரிலேதான் தொடங்கிற்று. 2025 மே மாதம், தமிழகத்திலிருந்து ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு பலாலிக்குத் திரும்பிய முதியவர் ஒருவர், உரிய துறை வழியே நாட்டை விட்டு வெளியேறவில்லை என்ற காரணத்தாற் கைது செய்யப்பட்டார். குண்டுக்குத் தப்பி ஓடியவரிடம் 1948ஆம் ஆண்டுச் சட்டம் 'துறை' கேட்கிறது! அக்கரையிலோ, 2025 செப்டெம்பரில் இந்திய அரசு ஓர் ஆணையிட்டது: 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழ் அகதிகள், கடவுச்சீட்டோ விசாவோ இன்மைக்காகத் தண்டிக்கப்படார். இது நன்றே. ஆனால் தண்டிக்கப்படாமை வேறு; குடியுரிமை வேறு. முகாமிற் பிறந்து அங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு எந்த நாடு தம்முடையது என்ற வினா தீரவில்லை.

கச்சதீவுத் திருவிழா போர்க்காலத்தில் நின்றுபோய், பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. 2016 டிசம்பரில் அங்கு புதிய கோயில் திறக்கப்பட்டது. 2024இல் இராமேசுவரத்து மீனவர், தம்மவர் சிறைப்பட்டமையைக் கண்டித்து விழாவைப் புறக்கணித்தனர். அவர்களது துயரம் மெய். நெடுந்தீவு மீனவனின் துயரமும் மெய்யே. அக்கரை முதலாளிகளின் இழுவைப் படகுகள் அவனுடைய வலையை அறுக்கின்றன. கடலின் அடித்தளத்தையே வழித்து எடுக்கின்றன. அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது நியாயமே. ஆயினும் இழுவைப் படகின்மேல் உள்ள கோபத்தை யாத்திரிகன்மேல் திருப்பி, ஐந்தாம் உறுப்புரையையும் அடைத்துவிடும் மனநிலைக்கு இரு கரையாரும் இடங்கொடுத்தல் ஆகாது. படகின் உரிமையாளன் வேறு. அதிற் கூலிக்கு வலை இழுப்பவன் வேறு. மெழுகுதிரி ஏந்தி வரும் மூதாட்டி வேறு.

எம் மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான். விசா இல்லாத காலம் இருந்தது உண்மை. ஆனால் அன்றும் வாயிலில் அரசன் நின்றான், தன் தேவையைக் கணக்கிட்டான். அப்படியிருந்தும் வருபவனைக் காக்க வேண்டும் என்று கல்லில் எழுதினான். வருவோரை எண்ணவும் சோதிக்கவும் ஓர் அரசுக்கு உரிமை உண்டு. வந்தவரை இழிந்த பெயரால் அழைக்கவும், பண்டம் போலப் பங்கிடவும், உயிர் தப்பியதற்காகச் சிறையிடவும் எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு குனிந்து, கல்லிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். கடைசிப் படகு புறப்படும் நேரமாகியும் அவனை அவ்விடத்திலிருந்து எழுப்ப எமக்கு மனம் வரவில்லை.