நடுச்செவி நோய்கள்

செவிப்பறைக்கும் உட்செவிக்கும் இடையில் காற்று நிரம்பியிருக்கும் சிறிய அறை நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் ஒலியதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. யூஸ்டேஷியன் குழல் இந்த அறையை மூக்கின் பின்புறத்தோடு இணைத்துக் காற்றழுத்தத்தைச் சமன்செய்கிறது. குழல் அடைத்துக்கொண்டால் அறையில் நீர் கோக்கும். கிருமி ஏறினால் சீழ் பிடிக்கும். குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால், சளி பிடித்த கையோடு காதுவலியும் வந்துவிடுகிறது. நாள்பட்ட சீழ்வடிதல், எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா, அங்கவடி அசைவிழக்கும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் ஆகியவை பிற முக்கிய நோய்கள்.

வரலாறு

சுஸ்ருத சங்கிதை காது நோய்களை 28 வகையாகப் பிரித்துச் சீழ்வடிதலையும் அவற்றுள் சேர்த்தது. கடுமையான காதுவலியோடு விடாத காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஹிப்போகிரட்டஸ் பெயரிலான கிரேக்க நூல்கள் எச்சரித்தன. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் எயுஸ்தாக்கி விவரித்த குழலே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை உந்தினால் நடுச்செவிச் சீழ் வெளியேறும் என்று உடற்கூற்றியலாளர் வல்சால்வா 1704இல் எழுதினார்.

கத்தி வைப்பதில்தான் தயக்கம் நீண்டது. காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பைத் துளைத்துச் சீழ் எடுக்கும் முறை 18ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1791இல் டென்மார்க் அரசவை மருத்துவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனதால் பல பத்தாண்டுகள் அதைத் தொடுவாரில்லை. லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் செவிப்பறையில் துளையிட்டுக் கேட்கும் திறனை மீட்டதை 1801இல் அறிவித்தார். வியன்னாவின் பொலிட்சர், நோயாளி தண்ணீர் விழுங்கும் நொடியில் ரப்பர் பந்தால் மூக்கு வழியே காற்றைச் செலுத்தும் முறையை 1863இல் வெளியிட்டார். மாஸ்டாய்டு சிகிச்சையை எப்போது, எப்படிச் செய்வது என்று ஜெர்மனியின் ஷ்வார்ட்சே 1873இல் வரையறுத்த பிறகே அது நிலைபெற்றது.

அப்போதும் மரணம் அருகிலேயே இருந்தது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1900இல் பாரிஸில் காது அறுவைச் சிகிச்சைக்குச் சில வாரங்களுக்குப் பின் இறந்தார். காதிலிருந்து பரவிய மூளையுறை அழற்சியே காரணம் என்று மருத்துவ வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். அவருடைய தந்தை வில்லியம் வைல்டோ அயர்லாந்தின் புகழ்பெற்ற காது மருத்துவர்.

சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் இந்நிலையை மாற்றின. உயிர் காப்பதோடு நின்ற அறுவைச் சிகிச்சை, கேட்கும் திறனை மீட்பதற்கும் திரும்பியது. 1950களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் சோல்னரும் நுண்ணோக்கி கொண்டு கிழிந்த செவிப்பறையைச் சீரமைத்தனர். 1954இல் காது மருத்துவர் ஆம்ஸ்ட்ராங் நீர் கோத்த காதுக்குச் சிறு பிளாஸ்டிக் குழாய் பொருத்தினார். 1956இல் காது மருத்துவர் ஜான் ஷீ அசைவிழந்த அங்கவடியை அகற்றிச் செயற்கை எலும்பை வைத்தார். நடுச்செவியில் சீழ் பிடிக்கச் செய்யும் கிருமிகளில் ஒன்றான நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி 2017இல் இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்தது.

செவிலியப் பராமரிப்பு

சீழ் வடியும் காதுக்கு முதல் மருந்து ஈரமில்லாமை. சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதில் வைத்து, நனைந்ததும் மாற்றி, உலரும்வரை நாளுக்கு மூன்று முறையாவது துடைக்க வேண்டும். பிறகே சொட்டு மருந்து. புட்டியை உள்ளங்கையில் வைத்துச் சற்றே சூடேற்றுவது நல்லது. குளிர்ந்த மருந்து தலைசுற்றலைத் தரும். பெரியவர்களுக்குக் காதுமடலை மேலும் பின்னுமாகவும், மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குக் கீழும் பின்னுமாகவும் இழுத்துப் பிடித்து மருந்தை விட வேண்டும். சில நிமிடம் ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சை முடிந்தவரிடம் கண்ணை இறுக மூடவும் பல்லைக் காட்டவும் சொல்லி, முகநரம்பு பழுதின்றி இருக்கிறதா என்று செவிலியர் பார்க்கிறார். நோயாளி மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும், குளிக்கும்போது காதில் தண்ணீர் புகக்கூடாது. காது மந்தமானவரிடம் முகம் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும்.

கைக்குழந்தைக்குத் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்தே பால் கொடுக்க வேண்டும். காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பூண்டுச் சாறு எதையும் காதில் ஊற்றக்கூடாது. காதுவலியோடு கடுங்காய்ச்சல், கழுத்து விறைப்பு, காதுக்குப் பின் வீக்கம், வாய் கோணுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.