எண்பது மைக்ரோகிராம்: இந்தியக் காற்றுத் தர வரம்புகளின் வரலாறு (1982–2025)

ஒரு கனமீட்டர் காற்றில் கந்தக டை ஆக்சைடு, 24 மணி நேரச் சராசரியாக 80 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இன்று இந்தியா முழுவதற்கும் இதுதான் வரம்பு. குடியிருப்புப் பகுதிகளுக்கு இதே 80 என்ற எண் 1982-இல் வந்த முதல் பட்டியலிலேயே இருக்கிறது. 1994-இலும் 2009-இலும் பட்டியல் திருத்தப்பட்டபோதும் அது அசையவில்லை. அரசு விதிக்கும் மாசு வரம்புகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே வரும் என்பது பொதுவான எண்ணம். மூன்று பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் அந்த எண்ணம் முழுதாக நிற்பதில்லை. இந்தியாவில் எண்கள் மாறியதைக் காட்டிலும், எதை அளப்பது, யாருக்கு எந்த எண் பொருந்துவது, எந்த நாளிலிருந்து பொருந்துவது என்பவையே பெரிதும் மாறியுள்ளன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1982: ஊரை மூன்றாகப் பிரித்தல்

1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளை நிறைவேற்றும் நோக்கில் 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தண்ணீர் மாசைத் தடுக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான மத்திய வாரியத்திடமே காற்றின் பொறுப்பும் வந்து சேர்ந்தது. காற்றின் தரத்துக்கு அளவுகோல் வகுக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு வாரியத்துக்குத் தந்தது. ஆனால் அந்த அளவுகோலை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தைச் சட்டம் விதிக்கவில்லை.

1982 நவம்பர் 11-இல் வாரியம் ஏற்ற முதல் பட்டியலில் நான்கு மாசுகளே இருந்தன: மிதக்கும் துகள்கள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் மோனாக்சைடு. துகள்களுக்கான வரம்பு தொழிற்பகுதியில் 500 மைக்ரோகிராம், குடியிருப்பு மற்றும் கிராமப்புறங்களில் 200, நுண்ணுணர்வுப் பகுதிகளில் 100. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், குடியிருப்புப் பகுதியில் இருப்பவரைப் போல இரண்டரை மடங்கு தூசியைச் சுவாசிக்கலாம் என்பதே இந்த அடுக்கின் உட்பொருள். நுரையீரலைக் கணக்கில் வைத்து எழுதிய பட்டியல் அல்ல அது. நிலப்பயன்பாட்டை வைத்து எழுதியது. தேசியக் கண்காணிப்புத் திட்டமோ 1984-இல்தான், ஆக்ராவிலும் அன்பராவிலும் 7 நிலையங்களோடு தொடங்கியது. வரம்பு முதலில் வந்தது, அளவீடு பின்னால் வந்தது.

1994: எதை எடை போடுவது

மிதக்கும் துகள்களை அளந்த முறை எளிமையானது. கண்ணாடி இழையால் ஆன வடிதாளை எடை போட்டு, உறிஞ்சு கருவியில் பொருத்தி, நிமிடத்துக்குச் சுமார் ஒரு கனமீட்டர் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள் என்ற கணக்கில் ஒரு நாளைக்கு மூன்று தாள்கள். தூசி படிந்த தாளை மீண்டும் நிறுத்தால் கூடியிருக்கும் எடையே அன்றைய மாசு. இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. எடையைக் கூட்டுவது பெருந்துகள்கள். அவை பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். நோயை உண்டாக்குவதோ நுரையீரல்வரை போகும் நுண்துகள்கள். அவற்றின் எடை மிகக் குறைவு.

இதே காரணத்தால் அமெரிக்கா 1987-இலேயே மொத்தத் துகள் வரம்பைக் கைவிட்டு, 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களுக்கு (பிஎம் 10) மாறியிருந்தது. இந்தியா 1994 ஏப்ரல் 11-இல் பழையதை நீக்காமலேயே புதியதையும் சேர்த்தது. உறிஞ்சு கருவியில் சுழல்பிரிப்பான் இடம்பெற்றது. பெருந்துகள் அடியிலுள்ள குப்பியில் விழ, நுண்துகள் மட்டும் வடிதாளுக்குப் போயிற்று. ஈயமும் பட்டியலில் ஏறியது. ஆண்டுச் சராசரிக்கும் 24 மணி நேரச் சராசரிக்கும் தனித்தனி வரம்புகள் வந்தன. ஆனால் மொத்தத் துகள்களின் 24 மணி நேர வரம்புகளைப் பார்த்தால் அதே 500, 200, 100. கந்தக டை ஆக்சைடுக்கும் பழைய 120, 80, 30-தான். மாற்றம் அளவீட்டில் நிகழ்ந்தது. எண்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

2009: சமமாக்கல்

2009 நவம்பரில் வெளியான மூன்றாம் பட்டியல் ஒரு பாய்ச்சலாகவே பேசப்பட்டது. மாசுகள் 12 ஆயின. பிஎம் 2.5, ஓசோன், பென்சீன், ஆர்சனிக், நிக்கல் போன்றவை புதிதாக நுழைந்தன. மொத்தத் துகள் வரம்பு விடைபெற்றது. தொழிற்பகுதி, குடியிருப்பு என்ற பிரிவினையும் ஒழிந்தது. மணலி போல ஆலைகளுக்கு நடுவே வீடுகள் இருக்கும் இடங்களுக்கு இதுதான் உண்மையான ஆதாயம். பிஎம் 10-இன் ஆண்டு வரம்பு தொழிற்பகுதியில் 120-இலிருந்து 60-ஆக, அதாவது பாதியாக இறங்கியது.

ஆனால் குடியிருப்புப் பகுதிக்கு 1994-இலேயே 60 தான். 24 மணி நேர வரம்பும் அன்று 100, இன்றும் 100. அங்கே இறங்கியவை கந்தக டை ஆக்சைடு (60-இலிருந்து 50), நைட்ரஜன் டை ஆக்சைடு (60-இலிருந்து 40) ஆகியவற்றின் ஆண்டு வரம்புகளும் ஈய வரம்பும் போன்ற சிலவே. மூன்றாம் பிரிவில் நடந்தது அதிகம் கவனிக்கப்படவில்லை. நுண்ணுணர்வுப் பகுதிகளின் பிஎம் 10 ஆண்டு வரம்பு 50-இலிருந்து 60-ஆக உயர்ந்தது. நைட்ரஜன் டை ஆக்சைடு 15-இலிருந்து, மத்திய அரசு அறிவித்த சூழல் நுண்ணுணர்வுப் பகுதிகளுக்கே 30 ஆயிற்று. ஆக, 2009-இல் நடந்ததை இறுக்கம் என்பதைவிடச் சமமாக்கல் என்பதே பொருத்தம். கீழே இருந்தவர் நடுநிலைக்கு ஏறினார். மேலே இருந்தவர் அதே நடுநிலைக்கு இறங்கினார்.

வரம்பை மீறினோமா என்று முடிவு செய்யும் விதியும் எண்ணளவுக்கு முக்கியமானது. வாரம் இருமுறை வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகள். அவற்றில் 98 விழுக்காடு வரம்புக்குள் இருந்தால் போதும். அடுத்தடுத்த இரு நாட்கள் மட்டும் மீறக் கூடாது.

2015–2025: தள்ளிப்போன நாள்

சுற்றுப்புறக் காற்றின் வரம்பு மீறப்பட்டால் குற்றவாளி என்று ஒருவரைக் காட்ட முடியாது. புகைபோக்கி வரம்பு அப்படியல்ல; அதற்கு உரிமையாளர் உண்டு. அதனால்தான் 2015 டிசம்பர் 7-இல் அனல் மின் நிலையங்களுக்கு முதல்முறையாகக் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடு வரம்புகள் வந்தபோது போராட்டம் தேதியைச் சுற்றியே நடந்தது. இயங்கிவரும் நிலையங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் என்றது முதல் அறிவிக்கை. அது 2022 ஆனது. பிறகு நிலையங்கள் இருக்குமிடத்தை வைத்து மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. 2003-க்கும் 2016-க்கும் இடையில் நிறுவிய நிலையங்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 300 மில்லிகிராமிலிருந்து 450-ஆக 2020-இல் தளர்ந்தது. 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அப்பால் உள்ள மூன்றாம் வகைக்கு, புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால் போதும் என்று கந்தக வரம்பிலிருந்தே விலக்கு கிடைத்தது. நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் முக்கால் பங்குக்கும் மேல் இந்த வகையைச் சேர்ந்தவை.

விலக்குக்கு முன்வைத்த வாதங்களுள் முதன்மையானது, சுற்றுப்புறக் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது. அந்த வரம்புதான் தொடக்கத்தில் கண்ட 80. ஆனால் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் கந்தக வாயு காற்றில் பயணிக்கும்போதே சல்ஃபேட் துகளாக மாறி, வேறோர் ஊரில் பிஎம் 2.5 கணக்கில் சேர்கிறது. வாயுவை அளக்கும் நிலையத்தில் அது பதிவாவதில்லை. பல பத்தாண்டுகளாக அசையாத ஓர் எண், இன்னொரு வரம்பைத் தளர்த்தக் காரணமாகிவிட்டது.

முடிவுரை

அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரம்புகளை மறுஆய்வு செய்யச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வரம்பை நிர்ணயிக்கும்போது செலவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. அங்கே பிஎம் 2.5 ஆண்டு வரம்பு 1997-இல் 15 ஆக இருந்து, 2012-இல் 12, 2024-இல் 9 என இறங்கியது. இந்தியாவின் வரம்பு 2009 முதல் 40. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பரிந்துரை 5. வளரும் நாடுகளை மனத்தில் கொண்டு அது வகுத்த முதல் இடைக்கால இலக்கே 35. இந்தியாவில் 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் தொடக்கத்தில் வரம்பை எட்டுவதை இலக்காக வைக்கவில்லை. துகள் மாசை இத்தனை விழுக்காடு குறைப்பதையே இலக்காக வைத்தது.

அடுத்த திருத்தம் வரும்போது பிஎம் 2.5-க்கு என்ன எண் என்பதே தலைப்புச் செய்தியாகும். இந்த வரலாற்றின்படி அதைவிடக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மறுஆய்வுக்குக் காலவரையறை சட்டத்தில் ஏறுகிறதா. மற்றொன்று, புகைபோக்கி வரம்பின் தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம், எந்த நிபந்தனைகளோடு இருக்கிறது. இவ்விரண்டும் மாறாமல் எண் மட்டும் இறங்கினால், 1982 முதல் கண்டதைப் போலவே அரசிதழில் ஒரு வரியும் ஊர்க்காற்றில் வேறொன்றுமாகவே நீடிக்கும்.