பெட்டிக்கு இரண்டு தம்பிடி

சென்ற வாரம் பஞ்சாலைகளைப் பார்த்தோம். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் மனம் குளிர, இந்திய ஆலைத்துணிமீதே கலால் வரி போட்டது பிரிட்டிஷ் இந்திய அரசு. அதே அரசு, போகிற போக்கில் ஒரு தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது. அந்தத் தொழில் தீப்பெட்டி.

முதல் உலகப் போர் முடிந்தபோது இந்திய அரசின் கஜானா காலி. பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1922 மார்ச்சில் நிதி உறுப்பினர் மால்கம் ஹெய்லி, கிடைத்த பொருள்கள்மீதெல்லாம் வரியை உயர்த்தினார். தீக்குச்சியும் அதில் சிக்கியது. அதுவரை ஒரு குரோஸ் பெட்டிக்குப் பன்னிரண்டு அணாவாக இருந்த இறக்குமதி வரி ஒன்றரை ரூபாயானது. குரோஸ் என்றால் 144 பெட்டி. கணக்குப் போட்டால் பெட்டிக்குச் சரியாக இரண்டு தம்பிடி. இன்றைக்கு அற்பமாகத் தெரியும் காசு. காலணா, அரையணாவுக்குச் சாமான் வாங்கிய காலத்தில் அது அற்பமல்ல.

உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கம் இந்த வரிக்கு இல்லை. வருமானம்தான் குறி. அன்று ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு கோடி குரோசுக்கு மேல் தீப்பெட்டி வந்துகொண்டிருந்தது. வரியைக் கூட்டினால் பணம் கொட்டும் என்று நினைத்தார்கள். ஆனால் வரி ஏறியதும் இறக்குமதி சரியத் தொடங்கியது. சிலர் குச்சியையும் பெட்டிச் சில்லையும் தனித்தனியாகத் தருவித்தார்கள். மருந்தில் முக்குவதையும் பெட்டி ஒட்டுவதையும் மட்டும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் முடித்துக்கொண்டார்கள். முழுப் பெட்டிக்கு இருந்த வரி, பிரித்து வந்த சாமானுக்கு இல்லை. அரசு விழித்துக்கொண்டு 1924-ல் அவற்றின்மீதும் வரி போட்டது.

சுவீடன்காரர்கள் இன்னும் துணிந்து இறங்கினார்கள். இவார் குரூகர் என்பவரின் கையில் இருந்த சுவீடிஷ் மேட்ச் கம்பெனி, பணமுடையில் தவித்த நாடுகளுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோக உரிமையைப் பின்னர் வாங்கிக்கொண்டது. போலந்து, கிரீஸ், ஜெர்மனி என்று பட்டியல் நீளும். இந்தியாவில் அந்த வழி திறக்கவில்லை. இங்கே வரிச்சுவரை ஏறிக் குதித்து உள்ளேயே ஆலை கட்டினார்கள். 1923-ல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, பிறந்தது. பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத், கல்கத்தா, பரேலி, அசாமில் துப்ரி, சென்னையில் திருவொற்றியூர் என்று அதன் ஆலைகள் எழுந்தன. விம்கோ நகர் ரயில் நிலையத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இங்கேதான், அந்நியக் கம்பெனிக்கும் பாதுகாப்பு உண்டா என்ற வாதம் சூடு பிடிக்கிறது. 1921-22ல் இப்ராஹிம் ரஹிம்துல்லா தலைமையில் நிதிக்கொள்கை ஆணையம் கூடியது. தேர்ந்தெடுத்த தொழில்களுக்கு மட்டும், நிபந்தனையோடு சுங்கப் பாதுகாப்பு என்றது பெரும்பான்மை. இயற்கை வசதி இருக்க வேண்டும். பாதுகாப்பின்றி வளர முடியாது என்று காட்ட வேண்டும். ஒருநாள் சொந்தக் காலில் நின்று உலகப் போட்டியைச் சந்திக்கவும் வேண்டும். தலைவரே இதற்கு இசையாமல் மறுப்புக் குறிப்பு எழுதினார். அதில் கையெழுத்திட்டவர்களில் கன்ஷியாம் தாஸ் பிர்லாவும் சென்னையின் டி.வி.சேஷகிரி ஐயரும் உண்டு. சுங்கப் பாதுகாப்பின் நிழலில் வரும் அந்நியக் கம்பெனி இந்தியாவில் பதிவாகி ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும், இயக்குநர் குழுவில் இந்தியர் இருக்க வேண்டும், இந்திய இளைஞர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். தீர்க்கதரிசனம் என்றே சொல்வேன். 1928-ல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அந்த ஒன்றரை ரூபாய், அரசின் வருவாய்க்கான வரி என்ற பெயரை விட்டுப் பாதுகாப்பு வரியானது. சுவருக்கு உள்ளே வந்துவிட்ட விம்கோவும் அந்த நிழலில் நிம்மதியாக நின்றது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி. விவசாயத்தை நம்ப முடியாது. காய்ந்த காற்றோ குச்சி உலர்த்தத் தோதானது. எந்திரத்துக்குப் பதில் கைகளைக் கொண்டு தொழில் வளர்ந்தது. குச்சியைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கி, மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி, காயவைத்துப் பெட்டியில் அடைப்பார்கள். பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணையில் நடந்தது. சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்க இந்தப் பட்டறைகளுக்குத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்ற பெயர் பரவியது.

இறக்குமதி குறைந்ததால் அரசுக்குச் சுங்க வருமானம் போயிற்று. அதை ஈடுகட்ட 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிமீது கலால் வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பெட்டியைத் திறந்தால் அது கிழியும். விடுதலைக்குப் பின் இந்தக் கலாலில் கைத்தொழிலுக்குக் குறைந்த விகிதம் கிடைத்தது. விம்கோ போன்ற எந்திர ஆலையை எதிர்த்துச் சிறிய ஆபீஸ்கள் தாக்குப்பிடித்ததற்கு இதுவே பெரிய காரணம். சுங்கவரி அந்நியப் பெட்டியைத் தடுத்தது. கலால் சலுகை உள்நாட்டுப் பெரியவரிடமிருந்து சிறியவரைக் காத்தது.

யாரும் காக்காமல் விட்டது குச்சி அடுக்கிய கைகளை. சலுகை போய்விடும் என்பதால் எந்திரம் வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. கூலி மலிவாக இருக்கும்வரை வாங்கும் அவசியமும் இல்லை. விடியுமுன் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவந்த கம்பெனி பஸ்கள் அந்த மலிவின் விளைவு. 1996 டிசம்பரில், சிவகாசியைக் குறித்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 1922-ன் மறுப்புக் குறிப்பு மூலதனத்துக்கு நிபந்தனை போட்டதுபோல், பாதுகாப்புப் பெறும் தொழிலின் கூலிக்கும் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். இன்று பாதுகாப்பு வரி கேட்டு டெல்லிக்குப் போகும் எந்தத் தொழிலிடமும் இதை முதலில் கேட்க வேண்டும்.

கைத்தொழிலுக்கு இருந்த வரிச்சலுகை 2020 ஏப்ரலில் முடிந்தது. அதுவரை ஜி.எஸ்.டி.யில் கையால் செய்ததற்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம். அப்போது எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் ஆனது. சீனத்து பிளாஸ்டிக் லைட்டரும் போட்டிக்கு நின்றது. கோவில்பட்டி உற்பத்தியாளர்கள் தடை கேட்டுப் போராடினார்கள். 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களுக்கு மத்திய அரசு தடை போட்டது. தடைக்குப் பிறகு லைட்டர் உதிரிபாகங்களாக வந்து இங்கே கோக்கப்படுகிறது என்ற புகார் எழுந்தது. 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது.

(தொடரும்)