கங்கைகொண்டான் கிராம ஆய்வு

திருநெல்வேலிக்கு வடக்கே, தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றங்கரையில் அமைந்த கங்கைகொண்டானில் 1916 முதல் பல கட்டங்களாக நடந்த சமூக, பொருளாதார ஆய்வுத் தொடர். தமிழகக் கிராமச் சமூகவியலின் முன்னோடி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், வினாநிரல் கொடுத்து மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். எவருக்கு எவ்வளவு நிலம், குத்தகை என்ன, கூலி எவ்வளவு, கடன் எத்தனை என்று ஊரளவில் கேட்டறிந்ததே இம்முறையின் வலிமை. வடமலாபுரம், இருவேல்பட்டு, தூசி முதலிய ஊர்களுடன் இதன் முடிவுகள் 1918இல் நூலாயின. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மறுஆய்வு 1940இல் வெளிவந்தது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தது.