நிழல் ஓர் உள்கட்டமைப்பு: சென்னைத் தெருக்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வெப்பமும் ஈரப்பதமும் ஒருங்கே மிகுந்த சென்னையில், தெருவில் நடப்பவரின் உடல் உணரும் வெப்பத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை நேரடி வெயிலும் காற்றோட்டமும். ஆனால் தெருச் சீரமைப்புத் திட்டங்கள் தரைக்கும் அழகூட்டலுக்குமே முதலிடம் தருகின்றன. சாலை, குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றைப் போல நிழலையும் அளந்து, திட்டமிட்டு, பராமரிக்க வேண்டிய உள்கட்டமைப்பாகக் கொள்ள வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1. முன்னுரை

மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. சாலை என்றால் வண்டிகளுக்கு மட்டும் என்றிருந்த நிலையை மாற்ற முனைந்த கொள்கை அது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இடநெருக்கடி மிகுந்த ஒரு கடைவீதியில் நடப்பவர்களுக்கு உரிய இடத்தை மீட்டுத் தந்த வகையில் இது முக்கியமான சாதனை.

எனினும் நடக்க இடம் இருப்பது வேறு, நடக்க முடிவது வேறு. சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகலில் எந்தப் பேருந்து நிறுத்தத்தையும் பாருங்கள். மேலே தகரக் கூரை, கீழே எஃகுக் குழாய் இருக்கை. இருக்கை சுடுகிறது, கூரையும் சூடேறித் தலைமேல் அனல் வீசுகிறது. பிற்பகலில் வெயில் சரிந்து கூரைக்கடியில் புகுந்ததும், மக்கள் நிறுத்தத்தை விட்டு வெளியேறி விளம்பரப் பலகையின் பின்புறம் விழும் ஒடுங்கிய நிழலில் வரிசையாக நிற்கிறார்கள். வடிவமைப்பாளர் கணக்கில் கொள்ளாததை அவர்களின் உடல் கணக்கில் கொள்கிறது.

2. உடல் உணரும் வெப்பம்

வானிலை அறிக்கை தரும் வெப்பநிலை, நிழலில் வைத்த கருவியில் அளந்த காற்றின் வெப்பநிலை. தெருவில் நிற்பவர் மீது சூரியக் கதிர் நேராக விழுகிறது. சூடேறிய தரையும் சுவரும் தம் பங்குக்கு அனலைக் கக்குகின்றன. இவை அனைத்தையும் ஒன்றாகக் கணிக்கும் அளவைச் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை என்பர். வெயிலில் இது காற்றின் வெப்பநிலையை விடப் இருபது முப்பது டிகிரி கூடிவிடக்கூடும். திறந்தவெளி வேலையிடங்களில் வெப்ப அபாயத்தைக் கணிக்கப் பன்னாட்டளவில் வழங்கும் ஈரக்குமிழ்-கோளச் சுட்டெண்ணில் காற்றின் வெப்பநிலைக்கு உரிய எடை 0.1 மட்டுமே. கதிர்வீச்சைக் காட்டும் கோள வெப்பநிலைக்கு 0.2, ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் இயற்கை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 0.7. கடைசியாகச் சொன்னதும் வெயிலில் ஏறும். காற்று வீசினால் இறங்கும்.

இதிலிருந்து சென்னைக்கு இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, நீரூற்றும் நீர்த்தூவலும் வறண்ட ஊர்களுக்கு ஏற்ற உத்திகள். நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பநிலை குறையும்; ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ மாறாது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்த்தால் வியர்வை உலரத் தடைதான் மிஞ்சும். இரண்டாவது, தரைக்கு வெளிர்நிறப் பூச்சு பூசுவது நடப்பவருக்கு உதவாமல் போகலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இத்தகைய பூச்சை ஆராய்ந்து ஆரியன் மிடல் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தரையின் வெப்பம் குறைந்தது. ஆனால் எதிரொளித்த கதிர்கள் பட்டு, நண்பகலில் நடப்பவர் மீதான கதிர்வீச்சுச் சுமை கூடியது.

நமக்கு நெருங்கிய சான்று கொழும்பிலிருந்து கிடைக்கிறது. எரிக் யொஹான்சனும் ரோஹின்டன் இம்மானுவேலும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாழ்ந்த கட்டடங்களும் மரமற்ற அகன்ற சாலையும் சேர்ந்த இடங்களே மிக மோசமானவை. உயர்ந்த கட்டடங்களுக்கு இடைப்பட்ட குறுகலான தெருக்களும், நிழல்மரங்கள் உள்ள இடங்களும், கடற்காற்று எட்டும் பகுதிகளும் ஒப்பளவில் இதமாக இருந்தன.

3. தெருவின் திசை

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது சுவருக்கு நிழலே இல்லை. சமபகலிரவு நாளில் 10 மீட்டர் உயரக் கட்டடம் கிழக்கு-மேற்குத் தெருவின் குறுக்கே தரும் நிழல், பகல் முழுவதும் சுமார் 2.3 மீட்டரைத் தாண்டாது. வடக்கு-தெற்குத் தெருவிலோ, அதே கட்டடம் உச்சிவேளை கழிந்த மூன்று மணி நேரத்தில் சுமார் 10 மீட்டர் நிழல் தருகிறது.

பாண்டி பஜார் ஏறத்தாழக் கிழக்கு-மேற்காக ஓடுகிறது. வெயிற்காலத்தில் அங்குக் கட்டடங்களை நம்பிப் பயனில்லை. நிழல் தலைக்கு மேலிருந்துதான் வர வேண்டும். அதே சமயம் இத்திசைக்கு ஒரு நற்பேறும் உண்டு. முற்பகல் முடியும் வேளையிலோ பிற்பகலிலோ கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வரும் கடற்காற்று இத்தகைய தெருக்களில் தடையின்றி நுழையும். ஆகவே நிழல் வேண்டும், அது காற்றை மறிக்கவும் கூடாது. கிளைகள் நான்கைந்து மீட்டருக்கு மேலே பிரிந்து குடையாக விரியும் மரங்களே இதற்கு விடை. நெட்டிலிங்கமும் அலங்காரப் பனை வகைகளும் இங்கே பயன்படா. தூண்போல் நிற்பவற்றுக்கு நிழற்பரப்பு இல்லை. இடுப்புயரப் புதர்வேலி நிழலும் தராது, காற்றையும் தடுக்கும். ஏற்றவற்றுள் ஒன்று புங்கன்: அது சிறிது காலமே இலையுதிர்த்து, கடுங்கோடைக்கு முன்பே தளிர்த்துவிடும். வேம்பும் அவ்வாறே.

4. மறுப்புகளும் விடைகளும்

மரம் வளரப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும், புயலில் விழும் என்பது முதல் மறுப்பு. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது உண்மை. ஆனால் வடிகாலுக்காகவும் கம்பிவடத்துக்காகவும் பள்ளம் தோண்டி ஒருபக்க வேரை அறுத்துவிட்டு, அடிமரம் வரை சிமெண்டு பூசிய மரத்தின் மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமன்று. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் விட வேண்டும் என்று டெல்லி வழக்கொன்றில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. அடுத்தடுத்த குழிகளை நடைபாதைக்கடியில் தொடர்ச்சியான மண்படுகையாக இணைத்தால் வேர் பரவும், மழைநீரும் இறங்கும். தியாகராய நகரே 1920களில் ஏரிப்படுகையின் மேல் எழுந்த குடியிருப்பு. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் நகரில், நிழலுக்கான மண்படுகை வெள்ளத்துக்கும் வடிகாலாகும்.

மரம் வளரும் வரை பந்தல் இருக்கிறது. 2024 கோடையில் சென்னையின் சில சிக்னல்களில் வண்டியோட்டிகளுக்காகப் பச்சை வலை கட்டப்பட்டது. ஓரிரு நிமிடம் நிற்பவருக்குச் செய்ய முடிந்ததை, நாள் முழுதும் நிற்கும் நடைபாதை வியாபாரிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் செய்ய முடியாதா?

கட்டி முடிந்த நகரில் இடம் எங்கே என்பது இரண்டாவது மறுப்பு. கடை முகப்பில் தொடர்ச்சியான கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்ற விதியை சிங்கப்பூர் 1822இல் ராஃபிள்ஸ் காலத்திலேயே வகுத்தது. அங்குள்ள தமிழர் அதை ‘அஞ்சடி’ என்பர். நிலம் தனியாருடையது, நிழல் பொதுவானது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளிலும், தெருமுகப்பில் பொது நிழல் தருவோருக்குத் தளப்பரப்புச் சலுகை அளிக்கும் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். பழைய கட்டடம் இடித்துக் கட்டப்படும் ஒவ்வொரு முறையும் தெரு சிறிது சிறிதாக நிழல் பெறும்.

5. முடிவுரை

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்கும். வெயிலையும் அரசின் பொறுப்பாக ஏற்ற அந்த முடிவு வரவேற்கத்தக்கது. அப்பொறுப்பு உயிர் போனபின் தொடங்குவது போதாது; உயிரோடிருப்பவர் நடக்கும் தெருவிலேயே தொடங்க வேண்டும்.

அதற்கு எளிய அளவுகோல் ஒன்று போதும். ஏப்ரல் கடைசி வாரத்தில், நண்பகல் முதல் மூன்று மணி வரை, நடைபாதையின் நீளத்தில் எத்தனை விழுக்காடு நிழலில் உள்ளது? ஒவ்வொரு தெருச் சீரமைப்புத் திட்ட அறிக்கையும் இதைப் பணிக்கு முன் ஒருமுறை, பணி முடிந்தபின் ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் ஒருமுறை அளந்து வெளியிட வேண்டும். ஒப்பந்தத்தில் கருங்கல்லுக்கும் விளக்குக்கும் அளவு குறிக்கப்படுவதுபோல் நிழலுக்கும் குறிக்கப்பட வேண்டும். அந்த அளவு கூடவில்லையெனில், தரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தெரு சீரமைக்கப்பட்டதாகக் கொள்ளலாகாது.