பூவைவிட நீண்ட ஆயுள்

அப்பாவின் முதல் ஆண்டு நினைவு நாளுக்காகப் பைக்காரா போயிருந்தேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அணைப்பக்கம் உள்ள ஒரு சரிவில்தான் அவரை அடக்கம் செய்திருந்தோம். தென்மேற்குப் பருவமழை அடித்து ஓய்ந்திருந்தது. மண்மேடு பாதி அமிழ்ந்து, மேலே புல் படர்ந்திருந்தது. புல்லுக்குள்ளிருந்து ஏதோ பளபளத்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். குனிந்து இழுத்தாள். கண்ணாடி மாதிரி ஒரு தாள், அதன் ஓரத்தில் ஜரிகை போல ஒரு நாடா, அடியில் வளையமாக ஒரு பச்சை நுரைக்கட்டி. போன வருடம் அப்பாவின் மேல் வைத்த மலர்வளையம்.

“பூவெல்லாம் போயிடுச்சு கண்ணு. இது மட்டும் அப்படியே உக்காந்திருக்கு” என்றாள்.

அதை வாங்கி வந்தவன் நான்தான். ஊட்டியில் ஒரு பூக்கடையில், அவசரத்தில், கார்னேஷனும் கிளாடியோலஸும் வைத்துக் கட்டச் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடித்தாளைச் சுற்றும்போது, “இது வேண்டாங்க, பேப்பர் போதும்” என்றேன். “மழைங்க அண்ணே. பைக்காரா போறதுக்குள்ள பேப்பர் பிஞ்சு தொங்கிரும்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் அப்பா வேறு மாதிரி ஆள். 2000-ஆம் ஆண்டு வாக்கில், சுப்ரியா சாஹு நீலகிரி ஆட்சியராக இருந்தபோது, ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ என்று பிளாஸ்டிக் ஒழிப்பு இயக்கம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் ஓடைகளில் இறங்கிப் பை பொறுக்கினார்கள். அப்பாவும் போனார். அதற்குப் பிறகு கடைசிவரை துணிப்பை இல்லாமல் சந்தைக்குப் போனதில்லை. வருக்கி வாங்கினால்கூட காகிதத்தில் கட்டித்தான் வாங்குவார். அப்படிப்பட்டவர் நெஞ்சின் மேல் மக்காத ஒன்றை வைத்து மண்ணைத் தள்ளியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாலு நாளில் வாடும் பூவுக்கு, நானூறு மழைக்கும் அசையாத உறை எப்படி வந்து சேர்ந்தது?

*

தமிழர்களுக்குப் பூவைப் பொதிவது புதிய வேலை அல்ல. சங்கப் பாடல்களிலேயே பூ விற்கும் பெண் வருகிறாள். பெரியபுராணத்தில் எறிபத்த நாயனார் கதையைக் கேட்டவர்களுக்குச் சிவகாமியாண்டாரைத் தெரிந்திருக்கும். கருவூரில் விடியலில் எழுந்து, மூச்சுக் காற்று படாமல் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூப்பறித்து, கூடையில் நிரப்பி, கூடையைத் தண்டில் மாட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவார். சோழனின் பட்டத்து யானை அந்தக் கூடையைப் பறித்துச் சிதறடித்ததில்தான் கதையே தொடங்குகிறது. அந்தக் கூடை பூ நசுங்காமல் இருக்க வேண்டும், காற்று புக வேண்டும், கையோ மூச்சோ படக்கூடாது. போக்குவரத்துக்கான பொதி எப்படி இருக்க வேண்டும் என்று இன்று வகுப்பெடுப்பவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். கோயில்களில் பூப்பறிக்கும் ஓலைக் குடலையும் இதே கணக்கில் முடைந்ததுதான்.

சந்தைப் பூவுக்கு இலை. மதுரைப் பக்கம் தாமரை இலை, எல்லா ஊரிலும் வாழை இலை, மலையோரத்தில் தேக்கிலை. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருளும். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதன் காரணத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1997-ல் விரிவாக எழுதினார். இலையின் மேல்தோலில் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகு. அதனால்தான் ஈரப்பூவைக் கட்டினாலும் இலை ஊறிக் கிழிவதில்லை. உள்ளே ஈரம் நிற்கும், மல்லிகை மொட்டு சீக்கிரம் வதங்காது. மேலே கட்ட வாழைநார். அதையும் நனைத்துத்தான் கட்ட வேண்டும், காய்ந்த நார் முறியும்.

இந்தப் பொட்டலத்தைப் பற்றி யோசிக்கும்போது ஒன்று பிடிபட்டது. அது பூவை மூடுகிறது, காட்டுவதில்லை. மல்லிகை வாங்குகிறவர் பொட்டலத்தைப் பார்ப்பதற்காக வாங்குவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரிப்பார்கள், தலையில் ஏறும், இல்லையென்றால் சாமி படத்துக்குப் போகும். இலையின் வேலை அதோடு முடிந்தது. மாடு தின்னும், அல்லது குப்பைக்குழியில் பூவுக்கு முன்னாலேயே மண்ணாகும். பொதியின் ஆயுளும் பூவின் ஆயுளும் ஒன்று. யாரும் அதை வடிவமைப்பு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

*

நீலகிரியின் கொய்மலர் வேறு சாதி. 1848-ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் ஊட்டி தாவரவியல் பூங்காவைச் சீரமைக்கத் தொடங்கினார். அதற்குமுன் அது வெள்ளைக்காரக் குடும்பங்கள் சந்தா கட்டிக் காய்கறி விளைவித்த தோட்டம். பிறகு ஐரோப்பியப் பூக்கள் மலையேறின. 1896-லிருந்து மலர்க்கண்காட்சி. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வெள்ளை ஆரம் லில்லி தோட்டத்தை விட்டுத் தப்பித்து இன்று சதுப்புகளில் தானாகவே வளர்கிறது.

இந்தப் பூக்களைத் தலையில் வைக்க முடியாது. நீண்ட தண்டோடு வெட்டுவார்கள், தண்டின் நுனி தண்ணீரில் நிற்க வேண்டும். கொடுப்பவர் கையில் பிடித்து நீட்ட வேண்டும், வாங்குபவர் அங்கேயே பார்த்து முகம் மலர வேண்டும். ஆக இந்தப் பூவின் பொதிக்கு இரண்டு வேலை: சுமக்கவும் வேண்டும், காட்டவும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பணக்காரர்கள் சின்னக் கொத்தை வெள்ளிப் பிடிக்குள் செருகி வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் துளையிட்ட லேஸ் காகிதத்தில் ஒரு கழுத்துப்பட்டை. ஒருநாள் விருந்துக்குத் தாங்கும், மறுநாள் குப்பை. காட்டுவதற்கென்றே செய்து, காட்டியதும் எறிகிற பொதியின் தொடக்ககால வடிவங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதுவும் காகிதம்தான். நனைந்தால் போச்சு.

நனையாமலும் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது தெரியவும் வேண்டும். இந்த ஆசைக்குப் பதிலாக வந்ததுதான் செலோபேன்.

*

ஜாக் பிராண்டன்பெர்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் துணித்தொழில் வேதியியலாளர். உணவகத்தில் மேசை விரிப்பில் மது கொட்டியதைப் பார்த்து, கறை படாத துணி செய்ய முயன்றார் என்பார்கள். விஸ்கோஸ் பூசிய துணி விறைத்துப்போனது, ஆனால் பூச்சு மட்டும் மெல்லிய தாளாக உரிந்து வந்தது. 1908 வாக்கில் அந்தத் தாளைச் செய்ய இயந்திரம் அமைத்தார். செல்லுலோஸ், டயாஃபேன் என்ற இரு சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். 1927-ல் டூபாண்ட் நிறுவனத்தின் வில்லியம் ஹேல் சார்ச் ஈரம் புகாத பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்தார். பூ, மிட்டாய், சிகரெட் எல்லாம் அதற்குள் பளபளத்தன.

நம் பக்கம் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை 1950-ல் பெரும்பாவூரில் ரேயான் நூல் உற்பத்தியைத் தொடங்கியது, கண்ணாடித்தாளும் அங்கே தயாரானது. ரேயானும் செலோபேனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மரக்கூழைக் காரத்திலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்தால் தேன் மாதிரி ஒரு குழம்பு கிடைக்கும். அதைச் சிறு துளைகள் வழியாக அமிலத்தில் பிழிந்தால் நூல், நீண்ட பிளவு வழியாகப் பிழிந்தால் தாள்.

இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அசல் கண்ணாடித்தாள் மரத்திலிருந்து வந்தது, மண்ணில் மக்கும். பிறகு வந்த பாலிப்ரொப்பிலீன்தான் அதன் இடத்தைப் பிடித்து, அதன் பெயரையும் எடுத்துக்கொண்டது. பழையபடி செலோபேனுக்குத் திரும்பினால் போதுமே என்று நினைத்தேன். அப்புறம்தான் ஊர் ஞாபகம் வந்தது.

ஊட்டியிலிருந்து கூடலூர் பேருந்தில் பைக்காரா வருகிறவர்கள் சன்னல் வழியே காடு என்று நினைத்துப் படம் எடுப்பதில் பெரும்பகுதி காடு அல்ல. கற்பூர மரம், சீகை மரம், பைன். வெளியில் யூகலிப்டஸ், வாட்டில் என்பார்கள். சோலைக்கு நடுவே விரிந்து கிடந்த புல்வெளியில் நட்டவை. பிரிட்டிஷார் விறகுக்காகத் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது ஆலைக்கான பயிரானது. மேட்டுப்பாளையத்துக்கு அருகே சிறுமுகையில் பவானிக் கரையில் தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை எழுந்தது. அதற்குக் கூழ் வேண்டும், கூழுக்கு மரம் வேண்டும். நீலகிரியின் கற்பூரமும் சீகையும் லாரிகளில் இறங்கின. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல், வேண்டாத தரிசாகக் கணக்கில் எழுதப்பட்டது. புல்வெளிதான் மழையைப் பஞ்சு போல உறிஞ்சிவைத்துக் கோடையில் ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்தது என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

பைக்காரா ஆற்றின் தண்ணீரில் 1930களின் தொடக்கத்தில் மின்சாரம் எடுத்தார்கள். கோவை ஆலைகள் அதில் ஓடின. அதே ஆறு மலையிறங்கி மோயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. அணைக்குச் சற்று மேலே, பவானியில், சிறுமுகை ஆலையின் கழிவு கலந்துகொண்டிருந்தது. விவசாயிகளும் மீனவர்களும் பல வருடம் போராடினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஆலை மூடிக்கிடக்கிறது. எங்கள் மலையின் மரமும் தண்ணீரும் தனித்தனி வழியாக இறங்கி, கீழே ஒரே நீர்த்தேக்கத்தில் சந்தித்திருக்கின்றன. அப்பா மின்வாரியத்தில் இருந்தும் இதை ஒருநாளும் சொன்னதில்லை. “சீகை வந்தபிறகுதான் ஊத்து வத்துச்சு” என்று மட்டும் சொல்வார்.

‘மக்கும்’ என்ற ஒரு சொல்லால் மட்டும் ஒரு பொதியை நல்லது என்று சொல்லிவிட முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. எங்கே போகிறது என்று கேட்பது பாதிக் கேள்வி. எங்கிருந்து வந்தது என்பது மீதி.

*

பச்சை நுரைக்கட்டியின் கதை இன்னும் குட்டையானது. 1954-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் வெர்னான் ஸ்மிதர்ஸ் என்பவர் அதைப் பூக்கடைக்குக் கொண்டுவந்தார். தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும், குத்திய இடத்தில் தண்டு நிற்கும். அதற்குமுன் பூ அடுக்குகிறவர்கள் கம்பிவலையும் பாசியும் ஈயத்தில் செய்த முள்தட்டும் வைத்து மெனக்கெட்டார்கள். நுரை அந்த உழைப்பை மிச்சப்படுத்தியது. ஆனால் அது பினால்-பார்மால்டிஹைடு பிளாஸ்டிக், விரலில் தேய்த்தாலே பொடியாகும். அந்தப் பொடி நீரில் கலந்து சிற்றுயிர்களைப் பாதிப்பதை ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்தது.

இங்கே தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்கைத் தடைசெய்தது. துணி மாதிரி தெரியும் நெய்யாத பையும் அதில் உண்டு. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசின் தடையில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின் மேல் சுற்றும் தாள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. பூங்கொத்து அந்த வரியில் இல்லை. பை என்றால் தடை, அதே பொருளை வெட்டிப் பூங்கொத்தைச் சுற்றினால் அலங்காரம். பூ என்று வந்தால் சட்டம்கூடக் கொஞ்சம் இளகித்தான் போகிறது.

பசுமைக்குடிலில் வேலை செய்யும் என் சித்தி மகளிடம் கேட்டேன். கார்னேஷனை இருபது தண்டாகக் கட்டி, பழைய செய்தித்தாளில் சுருட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்புகிறார்கள். “அத்தனை தூரம் பேப்பர்லதாண்ணா போகுது. ஒண்ணும் ஆகாது. கடைக்குப் போனப்புறம்தான் பிளாஸ்டிக் சுத்துறாங்க” என்றாள். ராத்திரி முழுக்க மலையிறங்கிப் போகும் பூவுக்குக் காகிதம் போதும். கடையிலிருந்து கார் வரைக்கும், கார்லிருந்து மேடை வரைக்கும்தான் கண்ணாடித்தாள். அந்தத் தாள் காப்பாற்றுவது பூவை அல்ல, கொடுப்பவரின் கௌரவத்தை.

*

இரண்டாம் ஆண்டுக்கு ஊட்டியில் எதுவும் வாங்கவில்லை. அம்மா காலையிலேயே வீட்டுக்குப் பின்னால் போய் இளம் சீகைக் குச்சி நாலைந்து ஒடித்து வந்தாள். பச்சையாக இருக்கும்போது வளைத்தால் முறியாது. வளையமாக்கி, மழையில் ஊறிய பாசியைச் சுற்றி, வாழைநாரால் இறுக்கினாள். பாசி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நான் தண்டை வெட்டிவெட்டிக் கொடுக்க, அவள் சொருகினாள். சதுப்பிலிருந்து ஆரம் லில்லி, வாசலில் இருந்த சாமந்தி. கோணலாகத்தான் வந்தது. வழியில் ஒரு லில்லி கழன்று விழுந்தது, எடுத்துச் சொருகிக்கொண்டோம்.

“கடையில வாங்குன மாதிரி இல்லையேன்னு பாக்குறியா?” என்றாள்.

“இல்லம்மா.”

“அந்தக் காலத்துல சாவு வீட்டுக்கு இப்படித்தான் கட்டுவோம். அப்புறம் கடை வந்துச்சு, விட்டுட்டோம்.”

சரிவில் வைத்துவிட்டு வந்தோம். அதற்கடுத்த பொங்கலுக்குப் போனபோது தேடிப்பார்த்தேன். பூ இல்லை, பாசி இல்லை, நார் இல்லை. கருத்துப்போன ரெண்டு துண்டுச் சீகைக் குச்சி மட்டும் புல்லுக்குள் கிடந்தது. கையில் எடுத்ததும் உதிர்ந்தது.