பேப்பர் ஒட்டிய சுவர்கள்: லயத்துக் காம்பராவின் இன்னொரு வரலாறு

அட்டன் பக்கம் ஹார்ட்வெயார் கடைகளில் இப்போ பளபளன்னு வோல்பேப்பர் ரோல்கள் தொங்குது. செங்கல் டிசைன், பூ டிசைன், பளிங்கு டிசைன். பின்பக்கத் தாளை உரிச்சு அப்படியே சுவரில் அப்பிவிடலாம். ஏதோ புதுசா வந்த நாகரிகம் மாதிரி இதைப் பேசிக்கிறோம். ஆனா மலையகத்துக்கு வோல்பேப்பர் புதுசு இல்லை. திம்புள்ள, தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலைப் பக்கத்து லயங்களில் தலைமுறை தலைமுறையா சுவருக்குப் பேப்பர் ஒட்டித்தான் வாழ்ந்திருக்கிறோம். கடையில் வாங்கிய தாள் இல்லை. படிச்சு முடிச்ச வீரகேசரி, தினகரன், போன வருஷத்துக் கலண்டர், பிள்ளைகளின் பழைய கொப்பித் தாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பேப்பரைப் பற்றியது. அதை ஏன் ஒட்டினாங்க, எப்படி உரிச்சாங்க, உரிச்ச பிறகு சுவரை எப்படித் தயார்படுத்தினாங்க என்பதைத்தான் எழுத நினைத்தோம். எழுத எழுத இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது: உறுதிப் பத்திரம் இல்லாத ஒரு சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பதற்கு என்ன அர்த்தம்?

யாருக்காகக் கட்டிய சுவர்?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திம்புள்ளக் காடுகள் வெட்டப்பட்டது தேயிலைக்காக இல்லை, கோப்பிக்காக. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். பருவம் முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்புவார்கள். ஆகவே தோட்டங்கள் கட்டியது வீடு இல்லை, ஆள் தங்கும் கொட்டகை. வரிசையாக அறைகள், ஒரே கூரை, ஒரு பக்கம் கதவு. ராணுவ முகாமில் பாரக் கட்டுகிற அதே யோசனை.

1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1884இல் ரயில் அட்டனுக்கு வந்தது. 1885இல் நானுஓயாவைத் தொட்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும். அதனால் வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், இங்கேயே செத்தார்கள். பயிர் மாறியது, மனிதர்கள் நிலைத்தார்கள், கட்டடத்தின் வடிவம் மட்டும் மாறவே இல்லை. மண்ணும் ஓலையும் போய்க் கருங்கல்லும் தகரமும் வந்தன. அளவு அதே 10க்கு 12 அடி. 'இரட்டை லயம்' என்றால் இன்னும் மோசம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை; பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியே இல்லை.

வந்து போகிறவனுக்காகக் கட்டிய சுவர், தங்கிவிட்டவர்களின் வீடாகியது. லயத்துச் சுவரின் எல்லாப் பிரச்சினையும் இங்கிருந்துதான் தொடங்குது.

ஏன் பேப்பர்?

முதல் காரணம் புகை. விறகு அடுப்பு, புகைக்கூண்டு கிடையாது. நாலைந்து மாசத்தில் சுவர் கறுத்துப் பிசுபிசுத்துப் போகும். இரண்டாவது ஈரம். 4,000 அடிக்கு மேலே, தென்மேல் பருவமழை நேராக மோதும் சரிவு இது. பழைய சுவர்களில் ஈரம் தரையிலிருந்தே மேலே ஏறும். பூச்சு உப்பி உதிரும். மூன்றாவது காற்று. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து போன ஓட்டைகள் வழியா மார்கழிக் குளிர் உள்ளே வரும். கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி, பேப்பரை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் காற்று அடங்கும், உதிர்கிற சுண்ணாம்பு பாயில் விழாது, சுவரும் வெளிச்சமா தெரியும்.

நாலாவது காரணம்தான் எங்களுக்குப் பிடித்தது: அழகு. சினிமா விளம்பரப் பக்கத்தை எங்கே ஒட்டுவது, சாமிப் படக் கலண்டரை எந்தச் சுவரில் வைப்பது என்று வீட்டில் சண்டையே நடக்கும். எழுத்துக் கூட்டப் பழகின பிள்ளைகள் படுத்துக்கொண்டே தலைப்புகளை வாசித்திருக்கிறார்கள். புத்தகம் வாங்க வழியில்லாத வீட்டில் சுவர்தான் வாசிகசாலை.

லயத்துக்குள் பத்திரிகை வந்ததே சாதாரண விஷயம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்க. தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வரத் துரையின் அனுமதி வேணும். கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போய்த்தான் தொழிலாளர் நிலையைப் பார்த்தார். 1924இல் அவர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1930இல் வீரகேசரி வந்தது. வெளியுலகச் செய்தி காம்பராவுக்குள் நுழைந்து சுவரிலேயே ஒட்டிக்கொண்டதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கு.

உலகத்தில் நாம் மட்டும் இல்லை

துரைமாரின் சொந்த ஊரில் என்ன நடந்தது? பிரித்தானியாவில் 1712 முதல் வோல்பேப்பருக்கு வரி இருந்தது. அப்போ அது வசதியானவர்களின் பொருள். 1836இல் வரி போனது. இயந்திர அச்சும் வந்ததால் விலை சரிந்து, சாதாரணத் தொழிலாளி வீட்டுச் சுவருக்கும் பூப்போட்ட தாள் வந்தது. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இங்கே ஜன்னல் இல்லாத அறைகள் வரிசை வரிசையாக எழும்பின.

1936இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு வோக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக்காரர் போனார். பருத்தி வயலில் வாரத்துக்கு உழைத்த ஏழைக் குடும்பங்களின் பலகை வீடுகளை எடுத்தார். அந்தப் படங்களில் சுவரெல்லாம் பேப்பர் துண்டுகள், விளம்பரங்கள், கலண்டர் படங்கள். பார்த்தால் நம்ம காம்பரா மாதிரியே இருக்கும். ஒற்றுமை ஏழ்மையில் மட்டும் இல்லை. அந்த வீடுகளும் நிலச் சொந்தக்காரனுடையவை. உழைப்பு இருக்கும்வரைதான் கூரை.

உரிப்பது, கழுவுவது, பூசுவது

போன தீபாவளிக்கு முன்னாடி எங்களில் ஒருத்தர் வீட்டுக் காம்பராவில் பேப்பரை உரிச்சு பெயின்ட் அடிக்கும் வேலையில் எல்லோரும் சேர்ந்தோம். வேலையை நடத்தினது அந்த வீட்டு அம்மாதான். நாங்கள் கத்துக்கிட்டதைச் சொல்றோம், உங்களுக்கும் உதவும்.

காய்ந்த பேப்பரைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் பூச்சும் சேர்ந்து வரும். ஒட்டியது மாப் பசை. சுடுதண்ணிக்கு அது இளகும். துணியை நனைச்சு சுவரில் ஒற்றி, கால் மணி நேரம் ஊற விடணும். பிறகு ஸ்கிரேப்பரைச் சாய்வாகப் பிடிச்சு மெதுவா தள்ளினால் தகடு தகடா வரும். "அவசரப்படாதீங்க, அது என்ன உங்க அசைன்மென்டா?" என்று அம்மா கேட்டாங்க.

பேப்பர் போன பிறகும் பசை சுவரில் இருக்கும். கையால் தடவினால் வழவழன்னு தெரியும். அதை இரண்டு தரம் கழுவணும். விட்டால் பூஞ்சணத்துக்கு அதுதான் சாப்பாடு. மேலே அடிக்கிற பெயின்டும் உரியும். புகைக்கரியைச் சவர்க்காரத் தண்ணியால் தேய்ச்சு எடுக்கணும்; இல்லாட்டி மேலே எத்தனை தரம் அடிச்சாலும் மஞ்சளா ஊறி வெளியே வரும். கறுப்புப் புள்ளி விழுந்த இடத்துக்கு பிளீச்சிங் கரைசல் போடலாம். கதவைத் திறந்து வைங்க. பிளீச்சிங்கோடு வினாகிரியைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

அடுத்தது முக்கியம். பழைய லயச் சுவர் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அது ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு இதைத் தடுக்காது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகுது. ஆனாலும் நுண்ணிய துளைகள் அப்படியே இருக்கும். அதற்கு மேலே பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷன் அடிச்சால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமா வெடிக்கும். "நல்ல பெயின்ட்தான் வாங்கினோம், ஆறு மாசத்தில் உரிஞ்சிடுச்சு" என்று நிறைய வீட்டில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பிப் பிரஷால் உதிர்வதைத் தட்டி எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைச்சு, சுவரை லேசா நனைச்சு, பால் மாதிரி நீர்த்த சுண்ணாம்பை மூன்று தரம் அடிப்பதுதான் இந்தச் சுவருக்குப் பொருந்தும். வெள்ளை பளிச்சிடக் கொஞ்சம் நீலம் கலக்கிறது பழைய வழக்கம். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்குங்க. இதெல்லாத்துக்கும் முன்னாடி கூரைத் தகரத்தின் ஓட்டையையும் வெளிக்கானையும் சரிபண்ணணும். தண்ணி வருகிற சுவருக்கு எந்தப் பூச்சும் நிற்காது.

சிக்கல் எங்கேன்னா, கூரையும் கானும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. உள்சுவர்தான் நம்ம கைக்கு எட்டும்.

தீபாவளி முற்பணமும் மழையும்

திம்புள்ளயில் சுவர் நன்றாகக் காயும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. குளிர்ந்த வறண்ட காற்று வீசும். திம்புள்ளத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுக்கும் தரமான கொழுந்தும் அந்த மாசங்களில்தான். ஆனா பெரும்பாலான காம்பராக்களுக்கு வெள்ளையடிப்பது தீபாவளிக்கு முன்னாடி. அது ஒக்டோபர், நவம்பர், பின்னேரமானால் இடியோடு மழை கொட்டும் காலம். ஏன்?

தீபாவளிக்குத்தான் முற்பணம் கிடைக்கும். பிறகு மாசா மாசம் சம்பளத்தில் கழிச்சுக்கொள்ளும் கடன் அது. புதுத்துணி, பலகாரச் சாமான் போக மிச்சம் இருந்தால்தான் சுண்ணாம்பு, பிரஷ். தை மாசம் காற்று நல்லா இருக்கும், கையில் காசு இருக்காது. சுவர் எப்போ காயணும் என்பதை வானிலை தீர்மானிக்கவில்லை, செக்ரோல் தீர்மானித்தது. ஈரத்தோடு பூசின சுவர் சீக்கிரம் உரிந்தது. அடுத்த வருஷம் திரும்பவும் பேப்பர், திரும்பவும் பசை. கொழுந்து மலையிலிருந்து வந்த பிறகு இந்த வேலையைச் செய்ததும் பெரும்பாலும் பெண்கள்தான். அதற்கு எந்தச் செக்ரோலிலும் பேர் விழவில்லை.

கடதாசி கேட்ட அரசு

அன்றைக்கு நாங்கள் உரிச்ச சுவரில் மேல் அடுக்கில் 2004 டிசம்பர் சுனாமிச் செய்தி இருந்தது. அதற்குக் கீழே 1996 உலகக் கோப்பை வெற்றி. இன்னும் கீழே தேதி தெரியாத, எழுத்து மங்கிய அடுக்குகள். எட்டு வருஷத்தை நாங்கள் விரல் மொத்தத்துக்குள் உரிச்சோம்.

இந்த இடத்தில் 1948ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அடுத்த வருஷம் வந்த சட்டம், குடியுரிமை வேணுமென்றால் 1946 ஜனவரி 1க்கு முன் திருமணமானவர் 7 வருஷமும் மற்றவர் 10 வருஷமும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபி என்றது. எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத மக்களிடம் கடதாசி கேட்டார்கள். பதிவேடுகள் தோட்டத்து ஒப்பீசில் இருந்தன. வாழ்ந்த அடையாளம் காம்பராவில் இருந்தது. ஆனா சுவரை எந்த அதிகாரியும் சாட்சியாக எடுக்கமாட்டார்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னார் வழியாகக் குடும்பங்கள் போயின. விட்டுப்போன காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்து, அவர்கள் ஒட்டியதன் மேலேயே தங்கள் பேப்பரை ஒட்டியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. முதலாளி மாறினார், சுவர் குடியிருந்தவருக்கு வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தால் லயங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வரி கட்டி, வாக்குப் போட்டு, தெரிவு செய்த சபையே லயத்துக் கானைத் தொட முடியாமல் 31 வருஷம் போனது.

7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்திருக்கு, இந்திய உதவி வீடுகளும் எழுந்திருக்கு. ஆனா இன்னும் ஏராளமான குடும்பங்கள் லயத்தில்தான். அங்கே ஒவ்வொரு தீபாவளிக்கும் பூசப்படும் சுண்ணாம்பு, தனக்கு உறுதி இல்லாத சொத்தில் ஒரு தொழிலாளி போடும் முதலீடு. அதை 'சுத்தம் பேணும் நல்ல பழக்கம்' என்று பாராட்டி முடித்துவிட நாங்கள் தயாராக இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக வந்து போகிறவராக நடத்தப்பட்டவர்கள், "நாங்க இங்கதான் இருக்கோம்" என்று தங்கள் காசிலும் கையிலும் செய்து காட்டிய வேலை அது. காணி உரிமை பேசும்போது இந்த உழைப்பும் கணக்கில் வரணும்.

இந்த வருஷம் உங்க வீட்டில் பேப்பரை உரிக்கப்போறீங்களா? தண்ணி தொடுமுன் ஃபோனில் சுவரைப் படமெடுங்க. தேதியுள்ள துண்டு கிடைத்தால் காயவைச்சு ஒரு கொப்பிக்குள் வைங்க. யார் ஒட்டினாங்க, அப்போ அந்தக் காம்பராவில் எத்தனை பேர் இருந்தாங்க என்று அம்மாச்சியிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்க. பிறகு தாராளமா சுண்ணாம்பு அடிங்க. முடிஞ்சால் இந்தத் தடவை தை வரைக்கும் பொறுத்து அடிங்க, சுவர் நல்லாக் காயும்.